சந்தா கட்டி ஆடும் லக்ராஸ்: அமெரிக்கக் கல்லூரி கிளப்களின் கதை



நம் குடியிருப்பில் மகனோ மகளோ பேரனோ அமெரிக்காவில் படிக்காத மாடியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவர்களில் யாராவது ஒருவர் போனில், "காலேஜ் கிளப் டீமில் சேர்ந்திருக்கிறேன்" என்று உங்களிடம் சொல்லியிருக்கலாம். நமக்கு கிளப் என்றால் மனமகிழ் மன்றம்தான் நினைவுக்கு வரும். சீட்டு மேஜை, டென்னிஸ் கோர்ட், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு. அமெரிக்கக் கல்லூரியில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. பல்கலைக்கழகத்தின் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு, ஆடுவதற்கான செலவைப் பெரும்பாலும் தங்கள் கையிலிருந்தே போடுகிற மாணவர் அணிக்குத்தான் அங்கே கிளப் என்று பெயர்.

இந்தக் காலாண்டு வரலாற்றுப் பக்கத்துக்கு அப்படிப்பட்ட அணிகளின் கதையை எடுத்துக்கொண்டிருக்கிறேன். விளையாட்டு, ஆண்கள் லக்ராஸ். ‘லக்ராஸா, அது என்ன?’ என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், இரண்டு பத்தியில் சொல்லிவிடுகிறேன். இந்த ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் ஒன்று உண்டு. பல்கலைக்கழகங்கள் கைகொடுக்காத நிலையில், மாணவர்களும் அவர்களுடைய பயிற்சியாளர்களும் சேர்ந்து ஒரு தேசியப் போட்டியையே உருவாக்கி, கால் நூற்றாண்டுக்கும் மேலாக நடத்தி வருகிறார்கள். சங்கத்தில் பொறுப்பு வகித்துப் பார்த்தவர்களுக்கு இதைப் படிக்கும்போது அங்கங்கே சிரிப்பு வந்தால் நான் பொறுப்பல்ல.

ஆட்டம் எப்படி?

110 கெஜ நீளம், 60 கெஜ அகலமுள்ள மைதானம். ஒரு பக்கத்துக்கு 10 பேர். கோல்கீப்பர் ஒருவர், தடுப்பாட்டக்காரர் மூவர், நடுக்களத்தில் மூவர், தாக்குபவர் மூவர். ஒவ்வொருவர் கையிலும் நுனியில் வலை கட்டிய ஒரு கோல். கெட்டியான ரப்பர் பந்தை அந்த வலையில் ஏந்தி, ஓடி, எறிந்து, 6 அடி உயரமும் 6 அடி அகலமும் உள்ள கோலுக்குள் போட வேண்டும். கோல்கீப்பரைத் தவிர மற்றவர்கள் பந்தைக் கையால் தொடக் கூடாது. ஆண்கள் ஆட்டத்தில் எதிராளியை உடம்பால் மோதலாம், அவன் கோலைத் தட்டிப் பந்தை விழ வைக்கலாம். அதனால் ஹெல்மெட், கையுறை, தோள் கவசம் எல்லாம் கட்டாயம். 15 நிமிடம் வீதம் நான்கு பகுதிகள். கால்பந்தின் ஓட்டமும் ஹாக்கியின் கோலும் கலந்த ஆட்டம் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய சரியாக இருக்கும்.

இங்கே செலவு எங்கிருந்து வருகிறது என்பதையும் கவனியுங்கள். கால்பந்துக்கு ஒரு பந்து போதும். இதற்கு ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஒரு மூட்டை சாமான் வேண்டும்.

ஆட்டம் யாருடையது?

லக்ராஸ் வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் ஆட்டம். நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியிலும் அதை ஒட்டிய கனடாவிலும் வாழும் ஹோடனோசோனி மக்கள் இதைப் படைத்தவன் தந்த ஆட்டம் என்று சொல்வார்கள். நோயைத் தீர்க்கும் சக்தி இதற்கு உண்டு என்பது அவர்கள் நம்பிக்கை. 1630களில் ஹியூரான் மக்களிடையே வாழ்ந்த ழான் டி பிரெபூஃப் என்ற பிரெஞ்சுப் பாதிரியார், நோயாளி குணமாக வேண்டும் என்பதற்காக இந்த ஆட்டத்தை ஆடினார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். ‘லக்ராஸ்’ என்ற பெயரும் பிரெஞ்சுக்காரர்கள் வைத்ததுதான்.

1867ல் மான்ட்ரியால் நகரத்துப் பல் மருத்துவர் வில்லியம் ஜார்ஜ் பியர்ஸ் இதற்கு விதிமுறைகள் எழுதினார். விதி எழுதி, சங்கம் அமைத்த சில ஆண்டுகளிலேயே ஒரு வேடிக்கை நடந்தது. பூர்வகுடி அணிகள் ஊர் ஊராகப் போய் ஆட, வழிச்செலவுக்குப் பணம் வாங்க வேண்டியிருந்தது. பணம் வாங்கினால் தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆகிவிடுவார்கள் என்று காரணம் காட்டி, 1880ல் கனடாவின் தேசியச் சங்கம் அவர்களை அமெச்சூர் போட்டிகளிலிருந்து விலக்கி வைத்தது. ஆட்டத்தைக் கொடுத்தவர்களுக்கே ஆட இடமில்லாமல் போயிற்று. வழிச்செலவு யார் கொடுப்பது என்ற கேள்வி இந்த ஆட்டத்தின் வரலாற்றில் அன்றே நுழைந்துவிட்டது. கடைசி வரை அது நம்மோடு வரப்போகிறது.

அமெரிக்கக் கல்லூரிகளில் முதலில் அணி அமைத்தது நியூயார்க் பல்கலைக்கழகம், 1877ல். 1881ல் நடந்த முதல் கல்லூரிப் போட்டியில் ஹார்வர்ட் வென்றது. அதன்பின் சுமார் நூறு ஆண்டுகள் இந்த ஆட்டம் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையை விட்டுப் பெரிதாக நகரவில்லை. பால்டிமோர், லாங் ஐலண்ட், நியூயார்க்கின் வடபகுதி, நியூ இங்கிலாந்துப் பள்ளிகள் என்று குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் வேர் பிடித்திருந்தது. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக அணியே 1928, 1932 ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் சார்பில் காட்சி ஆட்டங்களில் ஆடியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பரவாததற்கு ஒரு காரணம் அந்தக் கோல். பூர்வகுடிக் கைவினைஞர்கள் ஹிக்கரி மரத்தை வளைத்து, தோல் வாரால் வலை பின்னிச் செய்ய வேண்டும். உலகத்தின் மரக்கோல்களில் பெரும்பங்கைச் செய்துகொண்டிருந்த, அக்வெசாஸ்னே பூர்வகுடிப் பகுதியின் கார்ன்வால் தீவுத் தொழிற்கூடம் 1968ல் தீயில் எரிந்து போனது. 1970ல் பால்டிமோரைச் சேர்ந்த எஸ்.டி.எக்ஸ். நிறுவனம் பிளாஸ்டிக் தலையுள்ள கோலைக் கொண்டுவந்தது. எடை குறைவு, ஒன்று போலவே இன்னொன்று, எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம். அதற்குப் பிறகு கொலராடோவிலோ கலிஃபோர்னியாவிலோ ஒரு மாணவன் இந்த ஆட்டம் ஆட ஆசைப்பட்டால், கோல் கிடைக்கவில்லை என்ற பேச்சு இல்லாமல் போயிற்று.

கோல் கிடைத்தது. அணி கிடைக்கவில்லை.

வார்சிட்டி என்ற மேல்தளம்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் இரண்டு தளங்கள் உண்டு. மேல்தளம் வார்சிட்டி. அதை நடத்துவது பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை. பயிற்சியாளருக்குச் சம்பளம், ஆட்டக்காரனுக்கு உதவித்தொகை, விமானச் சீட்டு, ஹோட்டல், பிசியோதெரபிஸ்ட் எல்லாம் துறையின் கணக்கு. பெரும்பாலான வார்சிட்டி போட்டிகளை நடத்துவது என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய அமைப்பு. கீழ்த்தளம் கிளப். அதில் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லோரும் மாணவர்கள். பல்கலைக்கழகம் பெயரையும், பொதுவாக இரவு நேரத்தில் ஒரு மைதானத்தையும், முடிந்தால் சிறிய மானியத்தையும் தரும். மீதியெல்லாம் உறுப்பினர் சந்தா, நன்கொடை, டி-ஷர்ட் விற்ற காசு. ஒழுங்காக நடக்கும் ஒரு லக்ராஸ் கிளப்பில் ஓர் ஆட்டக்காரனின் வருடச் சந்தா ஆயிரக்கணக்கான டாலரைத் தொடுவது சாதாரணம்.

1971ல் என்.சி.ஏ.ஏ. முதன்முறையாக ஆண்கள் லக்ராஸுக்குத் தேசியப் போட்டி நடத்தியது. இறுதியாட்டத்தில் மேரிலண்டை வீழ்த்தி கார்னெல் வென்றது. அதற்கு முன்பு பல ஆண்டுகள் சாம்பியனைத் தீர்மானிக்க இறுதியாட்டம் கிடையாது. அதன்பின் நாட்டின் கிழக்கு ஓரத்தை விட்டு அந்தக் கோப்பை நகர 44 ஆண்டுகள் ஆயின. 2015ல் டென்வர் பல்கலைக்கழகம்தான் அதை முதன்முதலில் மேற்கே கொண்டு போனது.

ஆட்டம் நாடெங்கும் பரவிக்கொண்டிருந்த காலத்தில் வார்சிட்டி அணிகள் மட்டும் ஏன் பெருகவில்லை? அங்கே பலர் சட்டென்று சொல்லும் பதில் ‘டைட்டில் நைன்’. 1972ல் வந்த சட்டம் அது. அரசுப் பணம் பெறும் கல்வி நிறுவனம் எதிலும் பால் அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்று அது சொல்கிறது. விளையாட்டில் அதைக் கடைப்பிடிப்பதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட மூன்று வழிகளில் ஒன்று, மாணவிகளின் விகிதத்துக்கு ஏற்ப வீராங்கனைகளின் விகிதமும் இருக்க வேண்டும் என்பது. ஆகவே புதிதாக ஆண்கள் அணி ஒன்று சேர்த்தால் பெண்கள் பக்கமும் சேர்க்க வேண்டிவரும். ‘பெண்களுக்குக் கொடுத்ததால் நமக்கு இல்லாமல் போச்சு’ என்று புலம்பும் குரல்கள் அப்படித்தான் கிளம்பின.

கணக்கை முழுதாகப் பார்த்தால் அந்தப் புலம்பல் நிற்காது. பெரிய பல்கலைக்கழகம் ஒன்றின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் 100 பேருக்கு மேல் இருப்பார்கள். பல ஆண்டுகளாக அதற்கு அனுமதிக்கப்பட்ட உதவித்தொகை 85. முதல் பிரிவு லக்ராஸ் அணி முழுவதற்கும் சேர்த்து அனுமதிக்கப்பட்டது 12.6. அந்தப் பன்னிரண்டரையைத்தான் நாற்பது பேருக்குப் பிய்த்துக் கொடுத்தார்கள். ஆண்களுக்கான இடத்தில் பெரும்பகுதியை ஒரே ஓர் ஆட்டம் எடுத்துக்கொண்டால், மற்ற ஆண்கள் அணிகளுக்கு எங்கே இடம் இருக்கும்? பெண்கள் வந்து யாருடைய நாற்காலியையும் பறிக்கவில்லை. பெரிய சோபா ஒன்று ஏற்கெனவே ஹாலை அடைத்துக்கொண்டிருந்தது.

விளைவு என்னவென்றால், டெக்சஸ், ஃப்ளோரிடா, ஜார்ஜியா, ஆரிசோனா ஸ்டேட், கொலராடோ, ஆரிகன், பெர்க்லி, ஸ்டான்ஃபோர்ட் போன்ற பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களில்கூட ஆண்கள் லக்ராஸ் வார்சிட்டி கிடையாது. இங்கெல்லாம் லக்ராஸ் என்றாலே கிளப்தான்.

1997: தாங்களே போட்ட பந்தல்

கிளப் அணிகள் வட்டார வாரியாகத் தங்களுக்குள் லீக் வைத்து ஆடிக்கொண்டிருந்தன. மேற்குக் கடற்கரைக்கு ஒன்று, ராக்கி மலைப் பகுதிக்கு ஒன்று, தென்கிழக்குக்கு ஒன்று என்று. ஒவ்வொரு லீக்குக்கும் ஒரு சாம்பியன். ஆனால் கலிஃபோர்னியாவின் சாம்பியன் பெரியவனா, கொலராடோவின் சாம்பியன் பெரியவனா என்று தீர்த்துவைக்க ஆள் இல்லை.

1997ல் இந்த லீக்குகள் ஒன்று சேர்ந்து முதல் தேசியப் போட்டியை நடத்தின. யூட்டா மாநிலத்தின் பிரிகாம் யங் பல்கலைக்கழகம் கோப்பையை வென்றது. அமெரிக்க லக்ராஸின் தேசிய அமைப்பான ‘யு.எஸ். லக்ராஸ்’ குடையின் கீழ் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, 2006ல் தனி அமைப்பாக ஆனார்கள். அதுதான் எம்.சி.எல்.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆண்கள் கல்லூரி லக்ராஸ் சங்கம். அதிகபட்ச காலத்தில் சுமார் 200 அணிகள், பத்து வட்டாரங்கள், இரண்டு பிரிவுகள். கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகமும் எல்லை தாண்டி வந்து இதில் ஆடியிருக்கிறது.

இவர்கள் செய்த நல்ல காரியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கிளப்தானே என்று விதிகளை இளக்கிவிடவில்லை. மைதானத்தில் என்.சி.ஏ.ஏ. விதிகளையே பெரும்பாலும் பின்பற்றினார்கள். ஆடுபவன் அந்தக் கல்லூரியின் உண்மையான மாணவன்தானா, பாடங்களில் பதிவு செய்திருக்கிறானா என்று சரிபார்த்தார்கள். வராமல் ஏமாற்றிய அணிக்கும் தகுதியில்லாதவனை இறக்கிய அணிக்கும் தண்டனை உண்டு என்று எழுதி வைத்தார்கள். ஆட்டத்தேதியை நம்பி எட்டு மணி நேரம் பஸ்ஸில் வந்து இறங்கும் அணிக்கு, எதிரணி மைதானத்தில் நிற்கும் என்ற உத்தரவாதம்தான் ஒரு சங்கம் தரக்கூடிய முதல் பொருள். அது கிடைத்ததும் மற்றவை தொடர்ந்தன.

முதல் 11 ஆண்டுகளின் சாம்பியன் பட்டியலைப் பார்த்தால் ஓர் உண்மை புரியும். கொலராடோ ஸ்டேட் நான்கு முறை: 1999, 2001, 2003, 2006. பிரிகாம் யங் மூன்று முறை: 1997, 2000, 2007. மீதி நான்கும் கலிஃபோர்னியாவுக்கு: 1998ல் பெர்க்லி, 2002ல் சொனோமா ஸ்டேட், 2004லும் 2005லும் சான்டா பார்பரா. பதினோரு கோப்பையும் மூன்றே மாநிலங்களுக்குள். வார்சிட்டி அணிகள் நிறைந்த கிழக்கில், நன்றாக ஆடும் பையனை வார்சிட்டி கொத்திக்கொண்டு போய்விடும். மேற்கில் அவனுக்குப் போக வேறு இடம் இல்லை. எங்கே மேல்தளம் காலியாக இருந்ததோ அங்கே கிளப் வலுவாக வளர்ந்தது.

நான்கு முறையும் கொலராடோ ஸ்டேட்டைப் பயிற்றுவித்தவர் ஃப்ளிப் நாம்பர்க். பிரிகாம் யங் அணியின் நிலை இன்னும் விசித்திரம். அது மார்மன் திருச்சபையின் பல்கலைக்கழகம். ஞாயிற்றுக்கிழமை ஆடக் கூடாது என்பது அதன் கொள்கை. மாணவர்களில் பலர் படிப்பின் நடுவே இரண்டு ஆண்டு சமயப் பணிக்குப் போய்விட்டுத் திரும்புவார்கள். நல்ல ஆட்டக்காரன் ஒருவன் திடீரென்று இரண்டு வருடம் காணாமல் போவான், பிறகு மூத்தவனாகத் திரும்பி வருவான். அத்தனைக்கும் நடுவில் அட்டவணை போட்டு, அணி திரட்டி, மறுபடியும் 2011ல் கோப்பையை வென்றார்கள்.

மிச்சிகன் என்ற திருப்பம்

2008ல் மேற்கின் கோட்டை உடைந்தது. உடைத்தது மிச்சிகன் பல்கலைக்கழகம். அதன் ஃபுட்பால் மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமரலாம். விளையாட்டில் அவ்வளவு வருமானம் உள்ள பல்கலைக்கழகம். ஆனால் அதே வளாகத்து லக்ராஸ் பையன்கள் சந்தா கட்டித்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அவர்களுடைய பயிற்சியாளர் ஜான் பால் கிளப்பை வார்சிட்டி போலவே நடத்தினார். குறித்த நேரத்துப் பயிற்சி, எடைப் பயிற்சி, ஊர் ஊராகப் போய் ஆள் சேர்ப்பு, பழைய மாணவர்களிடம் நன்கொடை. 2008ல் மிச்சிகன் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் கோப்பையை வென்றது. 2009லும் 2010லும் மறுபடி அதே அணி. 2008, 2009 இறுதியாட்டங்களில் அவர்களை எதிர்த்து நின்றது கலிஃபோர்னியாவின் ஆரஞ்ச் நகரத்தில் உள்ள சாப்மன் என்ற சிறிய தனியார் பல்கலைக்கழகம்.

2011 மே மாதம் மிச்சிகன் நிர்வாகம், ஆண்கள் லக்ராஸை வார்சிட்டி ஆக்குவதாக அறிவித்தது. பெண்கள் அணியும் சேர்த்தே அறிவிக்கப்பட்டது. அவர்கள் 2014ல் களம் இறங்கினார்கள். ஆண்கள் 2012ல் முதல் பிரிவில் ஆடினார்கள். ஜான் பாலே பயிற்சியாளர். முந்தைய வருடம் கிளப்பில் ஆடிய பலர் அணியில் இருந்தார்கள். அந்த ஆண்டு அவர்கள் வென்றது ஒரே ஓர் ஆட்டம். தோற்றது பதின்மூன்று.

மூன்று வருடம் தேசியச் சாம்பியன். அடுத்து, ஒரு வெற்றிக்காக ஏங்கும் அணி. அந்த மாணவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். கிளப்பிலேயே இருந்திருந்தால் இன்னும் கோப்பைகள் வந்திருக்கலாம். அவர்கள் தோற்றுக் கொடுத்த அந்த வருடங்களின் மேல்தான் பின்னால் வந்தவர்கள் நின்றார்கள். ஜான் பால் 2017ல் விலகினார். 2023லும் 2024லும் மிச்சிகன் ‘பிக் டென்’ என்ற தன் வலுவான வட்டாரப் போட்டியில் சாம்பியன் ஆனது. அதை ஆடியவர்களுக்கு 2008 அணி ஒரு பழைய புகைப்படம்.

இதே பாதையில் யூட்டா பல்கலைக்கழகமும் கிளப்பிலிருந்து ஏறி 2019ல் முதல் பிரிவில் ஆடத் தொடங்கியது. 2023ல் என்.சி.ஏ.ஏ. தேசியப் போட்டிக்கே தகுதி பெற்றது.

ஏறியவர்களும் இறங்கியவர்களும்

கிளப் என்றால் காத்திருப்போர் பட்டியல், வார்சிட்டி என்றால் கன்ஃபர்ம் ஆன டிக்கெட் என்று இதுவரை படித்ததில் உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். அதே மிச்சிகன் மாநிலத்தில் இன்னொரு பெரிய பல்கலைக்கழகம் இருக்கிறது, மிச்சிகன் ஸ்டேட். அங்கே 1970ல் தொடங்கிய ஆண்கள் லக்ராஸ் வார்சிட்டி அணியை 1996ல் நிர்வாகம் நிறுத்திவிட்டது. ஒரு கையெழுத்தில் முடிந்தது. ஆட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் மாணவர்கள்; கிளப்பாக ஆடி எம்.சி.எல்.ஏ.வில் இடம் பிடித்தார்கள். பக்கத்துப் பல்கலைக்கழகத்துக் கிளப் மேலே ஏறியபோது, மேலே இருந்த இவர்கள் கீழே வந்து பல வருடம் ஆகியிருந்தது.

2002ல் கிளப் கோப்பையை வென்ற சொனோமா ஸ்டேட்டை நினைவிருக்கிறதா? 2025 ஜனவரியில், பட்ஜெட் பற்றாக்குறையைக் காரணம் காட்டி அந்தப் பல்கலைக்கழகம் தன் என்.சி.ஏ.ஏ. அணிகள் அனைத்தையும் நிறுத்துவதாக அறிவித்தது. சம்பளம் வாங்கும் பயிற்சியாளர், சீருடை, உதவித்தொகை எல்லாம் இருந்த அணிகள். அவற்றின் ஆயுளைத் தீர்மானிக்கும் பேனா மட்டும் அவர்கள் கையில் இல்லை.

கிளப்பின் ஆபத்து வேறு மாதிரி. அதை யாரும் உத்தரவு போட்டு மூட வேண்டியதில்லை. ஒரு வருடம் நல்ல பொருளாளர் அமையாவிட்டால் போதும். மைதானம் பதிவு செய்யும் கடைசித் தேதியைத் தவறவிட்டால் போதும். 2020 மார்ச்சில் கொரோனா வந்து பருவத்தின் நடுவே ஆட்டங்கள் எல்லாம் நின்றன. அந்த ஆண்டு கோப்பையே இல்லை. வார்சிட்டி அணிக்கு அலுவலகம் இருந்தது, சம்பள ஊழியர்கள் இருந்தார்கள்; கதவைத் திறந்ததும் வேலை தொடங்கலாம். கிளப் அணியிலோ, எப்படி நடத்துவது என்று தெரிந்த கடைசி வருட மாணவர்கள் அதற்குள் பட்டம் வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

நான்கு வருடத்தில் மாறும் செயற்குழு

இந்தக் கதையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது கோப்பைகள் இல்லை, இந்தக் கைமாற்றம்தான். நம் சங்கத்தில் செயலாளர் மாறினால் பழைய செயலாளர் மூன்றாவது மாடியில்தான் இருப்பார். லிஃப்ட் ஒப்பந்தத்தின் நகல் எங்கே என்று மாடியேறிப் போய்க் கேட்கலாம். கல்லூரி கிளப்பில் அந்த வசதி இல்லை. நான்கு வருடத்தில் மொத்த உறுப்பினரும் மாறிவிடுவார்கள். பதினெட்டு வயதில் சேர்ந்தவன் இருபத்தொரு வயதில் தலைவனாகி, ஒரு வருடம் நடத்திவிட்டு வெளியேறுவான். அப்படி ஏழு எட்டு தலைமுறை கைமாறிய பிறகும் ஓர் அணி அதே பெயரில் களம் இறங்குகிறது என்றால் அது சும்மா நடக்கிற காரியமில்லை.

நிலைத்து நின்ற அணிகளைப் பார்த்தால் சில பொதுவான பழக்கங்கள் தெரிகின்றன. ஒன்று, பல வருடம் தொடரும் பயிற்சியாளர். மாணவர் மாறினாலும் அவர் மாறமாட்டார். இரண்டு, படித்து முடித்துப் போனவர்களோடு தொடர்பு. நன்கொடைக்கும் அனுபவத்துக்கும் அவர்களே ஆதாரம். மூன்று, அடுத்த வருடப் பொருளாளரை இந்த வருடமே பக்கத்தில் உட்கார வைத்துக் கணக்கைக் காட்டுவது. நான்கு, சந்தா கட்ட முடியாத நல்ல ஆட்டக்காரனை எப்படி உள்ளே வைத்துக்கொள்வது என்று முன்கூட்டியே யோசிப்பது.

அந்த நான்காவது இடத்தில்தான் கிளப் முறையின் பெரிய குறை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. தானே பணம் போட்டு ஆடும் ஆட்டத்தில் பணம் உள்ளவன்தான் முதலில் உள்ளே வருவான். ஹெல்மெட்டும் கோலும் விமானச் சீட்டும் வாங்கித்தரப் பெற்றோர் உள்ள பையனுக்கு இது பொழுதுபோக்கு. மாலையில் கடையில் வேலை பார்த்துப் படிக்கும் பையனுக்கு இது எட்டாத கனி. 1880ல் வழிச்செலவுக்குக் காசு வாங்கியதற்காகப் பூர்வகுடிகளை வெளியே நிறுத்தியதை மறுபடி நினைத்துப் பாருங்கள். உத்தரவு போட்டும் ஒருவரை வெளியே நிறுத்தலாம். சந்தாத் தொகையை மட்டும் உயர்த்தியும் நிறுத்தலாம். இரண்டாவதில் யாருக்கும் கெட்ட பெயர் வராது. பொதுச் செலவைப் பங்கு போடும் எந்தக் கூட்டத்திலும், நம் ஆண்டுப் பொதுக்குழு உட்பட, இது நினைவில் இருந்தால் நல்லது.

நமக்கு இதில் என்ன?

2023 அக்டோபரில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி நம் மும்பையில் கூடியது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட் சேர்க்கப்பட்டது என்று அன்று நாமெல்லாம் கைதட்டினோம். அதே கூட்டத்தில், அதே தீர்மானத்தில் லக்ராஸும் சேர்க்கப்பட்டது. அணிக்கு ஆறு பேர் ஆடும் சுருக்கமான வடிவம். 1904லும் 1908லும் பதக்கத்துக்காக ஆடப்பட்ட ஆட்டம், நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்து திரும்ப வருகிறது.

கிரிக்கெட்டுக்கும் இந்தக் கதைக்கும் இன்னொரு உறவும் உண்டு. என்.சி.ஏ.ஏ.வில் கிரிக்கெட் கிடையாது. ஆகவே அமெரிக்கக் கல்லூரியில் உங்கள் பிள்ளை கிரிக்கெட் ஆடுகிறான் என்றால், அவனும் இதே கீழ்த்தளத்து ஆட்டக்காரன்தான். விக்கெட்டுக்கு விரிக்கும் பாய், பந்து, மைதான வாடகை, பக்கத்து ஊருக்குப் போகும் வேன் எல்லாம் அவர்களுடைய சந்தாவில்தான் வரும். வீட்டில் தட்டைக் கழுவி வைக்காத பையன் அங்கே இருபது பேரிடம் பணம் வசூலித்து, ரசீது கொடுத்து, வராதவனுக்கு மூன்று தடவை மெசேஜ் அனுப்பிக்கொண்டிருக்கக்கூடும்.

ஆகவே அடுத்த முறை அவன் போனில் ‘கிளப் டீம்’ என்று சொன்னால், ‘அப்போ காலேஜ் டீமில் எடுக்கவில்லையா?’ என்று கேட்டுவிடாதீர்கள். ஜெயித்தீர்களா என்பதைக்கூடப் பிறகு கேட்கலாம். இந்த வருடம் உங்கள் பொருளாளர் யார், அடுத்த வருடத்துக்கு யாரைத் தயார் செய்கிறீர்கள் என்று கேளுங்கள். அவன் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தால், நம் சங்கத்து அனுபவத்தில் நாலு வார்த்தை சொல்லிக்கொடுங்கள்.